எட்டாம் மாடி நண்டு

நான் வேலை பார்க்கும் சென்னை ஓட்டலின் முதலாளி சமையலறை ஆட்களை எப்போதும் நிற்க வைத்துத்தான் பேசுவார். அன்று என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

“கோமதி, நம்ம புது பில்டிங்ல பதினாறாவது மாடி ரெஸ்டாரண்ட் சீக்கிரம் முடிஞ்சிடும். அதுக்கு ஒரு ஹெட் செஃப் வேணும்.”

அந்தப் பதினாறாவது மாடியை நான் மனதுக்குள் எப்போதோ திறந்து நடத்திக்கொண்டிருந்தேன். தட்டுகளின் நிறம்கூட முடிவாகிவிட்டது. தலைமைச் சமையல்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்களுக்கு அடுத்த இடத்தில் பதினொரு வருடமாக நான் மட்டும் இருக்கிறேன். இப்போது சொல்லப் போகிறார் என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

“மட்டக்களப்புல சுதர்சினின்னு ஒருத்தங்க. அவங்க சாப்பாட்டைப் பத்தி நம்ம விருந்தாளிங்க நாலஞ்சு பேர் சொல்லிட்டாங்க. உங்களோட மஸ்கட்ல வேலை பார்த்தவங்களாமே? நீங்க போய் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்க. நல்லா இருந்தா கையோட பேசி முடிச்சிட்டு வாங்க. ஃபோன்ல கூப்பிட்டா மரியாதையா இருக்காது.”

போகமாட்டேன் என்று சொன்னால் பொறாமை என்று அவருக்குத் தெரிந்துவிடும். சரி சார் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இலங்கைக்கு நான் போன முதல் பயணம் இப்படித்தான் அமைந்தது.

மஸ்கட் ஓட்டலில் நான் டிப்ளமோ முடித்துவிட்டுப் போன சமையல்காரி. சுதா என்று நாங்கள் கூப்பிட்ட சுதர்சினி பாத்திரம் கழுவ வந்தவள், பிறகு காய்கறி நறுக்கும் மேசைக்கு மாறினாள். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவள். ஊழியர் விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை வெங்காயம் நறுக்கச் சொல்வேன். எங்களுக்கு இடையில் அந்த ஒழுங்கு எப்போதும் இருந்தது. அது இருந்தவரை அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மட்டக்களப்பு ரயில் நிலையத்தில் ஏறிய ஆட்டோ, கல்லடிப் பாலத்தின் நடுவில் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோனது. ஓட்டுநர் இறங்கி, எதையோ திருகிப் பார்த்து, என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். நானும் இறங்கித் தள்ளினேன். இரண்டு பக்கமும் வாவி கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையாகக் கிடந்தது. ஒரு மனிதர் தோணியில் நின்றபடியே வலை வீசினார். சென்னையில் பாலத்தில் வண்டி நின்றால் பின்னால் வருகிறவர்கள் நம் பரம்பரையையே இழுப்பார்கள். இங்கே ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நிறுத்தி, தன் பங்குக்கு ஒரு கை கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அதற்கே எனக்கு இந்த ஊர்மேல் லேசாக எரிச்சல் வந்தது.

“இந்த வாவியில ராவுல மீன் பாடுறது கேக்கவா வந்திருக்கீங்க?” என்று ஓட்டுநர் தள்ளியபடியே கேட்டார். “இந்தியாவிலிருந்து வாற ஆக்கள் எல்லாரும் அததான் கேக்கிற.”

“இல்லை. ஒரு ஓட்டல்ல சாப்பிடணும். எட்டாவது மாடியில இருக்காமே.”

அவர் முகம் மலர்ந்தது. “சுதாக்காட கடையா? அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. என்ட மகள்ட பிறந்தநாளுக்குக் கூட்டிப் போனனான். ஒருக்காத்தான். பிள்ள இப்பவும் அதயே கதைக்கிறா.”

கட்டடம் காத்தான்குடிக்காரர் ஒருவருடையது என்று பிறகு அவரே சொன்னார். ஆனாலும் ஊரில் அதற்குச் சுதாக்காட கடை என்றுதான் பெயராம். சென்னையில் என் பெயரைச் சொன்னால் எந்த ஆட்டோவும் எங்கேயும் போகாது.

சுதாவின் வீடு கல்லடியில், கடல் சத்தம் கேட்கும் தூரத்தில். வாசலுக்கு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கொஞ்சம் பருத்திருந்தாள், முன்பக்கம் நரைத்திருந்தது, நரையை மறைக்கவில்லை. அதுவும் அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

“எத்தின வருசம் அக்கா! கெதியா உள்ளுக்க வாங்க. பசியோட வந்திருப்பீங்க.”

அன்று மதியம் சமைத்தது அவள் கணவர் ரவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பிட்டும் இறால் குழம்பும் முருங்கைக்கீரைச் சுண்டலும். பிட்டைத் தேங்காய்ப்பாலில் நனைத்து, இறாலைப் பிசைந்து சாப்பிடும் விதத்தை அவரே காட்டினார். வீட்டில் சுதா அடுப்பைத் தொடுவதில்லையாம். “அவ அங்க நிண்டு களைச்சு வாறா. மறுகா இஞ்சயும் நிக்கிறதா?” என்றார். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் எனக்கு நானே ரசம் வைத்துக்கொள்கிறேன். இறால் பதம் தப்பாமல் இருந்தது. எங்காவது தப்பியிருந்தால் நன்றாக இருக்குமே என்று மென்றுகொண்டே தேடினேன்.

“திடீரெண்டு என்னக்கா இந்தப் பக்கம்?” என்றாள் சுதா.

“சும்மாதான். லீவு கிடைச்சுது.”

அவள் அதை அப்படியே நம்பினாள். என்னைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாங்க என்று ரவியிடம் இரண்டு முறை சொன்னாள்.

மறுநாள் காலையில் நண்டு எடுக்க வாவிக்குக் கூட்டிப்போனாள். படகுக்காரர் கந்தையா அண்ணன் அறுபது தாண்டியவர், பேச்சுக்காரர். கரையோரம் அடர்ந்த கண்ணா மரங்களின் வேர்கள் தண்ணீருக்குள் விரல்விரலாக ஊன்றி நின்றன. அவற்றை ஒட்டி மூழ்கிக்கிடந்த கூடுகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கினார். நண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வந்தன. அவற்றின் கால்களைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. சென்னையில் என் கைக்கு வரும் நண்டு எப்போது கடலைப் பார்த்தது என்று அதற்கே ஞாபகம் இருக்காது. இவள் காலையில் தொட்டது மாலையில் தட்டுக்குப் போகிறது. இப்படி நண்டு கிடைத்தால் யார்தான் சமைக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பெரியதாக இருந்தவற்றை அவர் தனியே ஒரு பெட்டியில் போட்டார். “இது சுதாப் பிள்ளைக்கு. மிச்சம்தான் சந்தைக்கு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி நீங்க என்ன செய்யிற?”

“நானும் சமையல்தான் அண்ணா. ஓட்டல்ல.”

“அப்பிடியா. நீங்க எத்தினையாம் மாடி?”

“கீழ்த்தளம்.”

சுதா வாய்விட்டுச் சிரித்தாள். அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நானும் சிரித்தேன். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு கன்னத்திலேயே நின்றுபோய் வலித்தது.

திரும்பும் வழியில் என்ஜின் சுழலியில் பாசி சிக்கிக்கொண்டது. கந்தையா அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். படகு மெதுவாகத் தானே திரும்பியது. தூரத்தில் ஊரின் கூரைகளுக்கு மேலே ஒரு வெள்ளைக் கட்டடம் மட்டும் உயர்ந்து தெரிந்தது. உச்சியில் கண்ணாடி மின்னியது.

“அதுதானக்கா,” என்றாள் சுதா. “அங்கயிருந்து பாத்தா இந்த இடமும் தெரியும். சில நேரம் அண்ணன்ட தோணி தெரியுதா எண்டு பாப்பன். தெரிஞ்சா அண்டைக்கு நண்டு வருது.”

சொல்லவேண்டியதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. யாரும் இல்லை, எங்கேயும் ஓடமுடியாது, அவளும் நல்ல மனநிலையில் இருந்தாள். எங்கள் முதலாளி உன்னைக் கூப்பிடுகிறார். ஐந்து சொல்கூட இல்லை. நான் தண்ணீரில் கைவிட்டு அளைந்துகொண்டிருந்தேன். பாசி வெட்டப்பட்டு என்ஜின் உறுமியது. அப்பாடா என்றிருந்தது.

மாலையில் முதலாளி அழைத்தார். “பேசிட்டீங்களா?”

“இன்னும் சாப்பிட்டுப் பார்க்கலை சார்.”

“மெதுவா பாருங்க. அவசரமில்லை,” என்றார். என்னிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் பகலில் சுதா வேலைக்குப் போய்விட்டாள். நான் தயிர் வாங்கலாம் என்று செங்கலடிக்குப் புறப்பட்டேன். பஸ்ஸில் உட்காரக் கிடைத்ததும் தூங்கிவிட்டேன் போல, கண்விழித்து அவசரமாக இறங்கியது ஏறாவூரில். இறங்கியதற்குக் கடைத்தெருவைப் பார்ப்போம் என்று நடந்தேன். ஒரு கடை முகப்பில் எருமைத் தயிர்ச் சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சட்டியைச் சாய்த்துக் காட்டினார். தயிர் அசையவில்லை.

“நம்பி எடுங்க தாத்தா. எட்டாம் மாடிக்கே நம்மட தயிர்தான் போகுது.”

இங்கே முஸ்லிம்கள் மூத்த சகோதரியைத் தாத்தா என்று அழைப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதலில் அந்தத் தாத்தாவுக்குத் திடுக்கிட்டேன், பிறகு எட்டாம் மாடிக்கு. தயிர் வாங்காமலே பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலம் எனக்கு மேசை ஒதுக்கியிருந்தாள். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். லிஃப்டில் என்னோடு ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியது. வாப்பா, உம்மா, பல்கலைக்கழகம் முடித்த மகள். அவள் தேறியதற்கான விருந்து. ஐந்தாவது மாடியைத் தாண்டியதும் விளக்கு அணைந்து லிஃப்ட் நின்றது. கரண்ட் போய்விட்டது.

இருட்டில் அந்த உம்மா சத்தமாக ஓதத் தொடங்கினார். மகள் கைபேசி விளக்கைப் போட்டாள். வாப்பா என்னிடம், “பயப்படாதீங்க, ஜெனரேட்டர் இரிக்கி,” என்றார். பிறகு மனைவியைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்: “நான் கத்தாரில பெரிய பெரிய ஹோட்டல்ல ஏசி பூட்டின ஆள். அங்க சமைக்கிற மனிசர் ஒருத்தரும் வெளியில வந்து, சாப்பாடு எப்பிடி எண்டு எங்களிட்ட கேட்டதில்ல. இந்தப் பிள்ள வந்து கேக்கும். பாரு.”

விளக்கு வந்தது, லிஃப்ட் ஏறியது. அடைபட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில்கூட சுதாவின் புகழ் என் காதில் விழாமல் இல்லை.

கதவு திறந்ததும் நான் பார்த்தது சமையலை அல்ல, மேற்கை. சூரியன் வாவிக்கு அப்பால் வயல்வெளிகளின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊரைச் சுற்றி வளைந்து வளைந்து கிடந்தது. பழைய நகரம் அதன் நடுவே ஒரு தீவாக, மணிக்கூண்டும் தேவாலயக் கோபுரமும் ஓட்டுக்கூரைகளுமாக மிதந்தது. கல்லடிப் பாலத்தில் விளக்குகள் ஏற்றப்பட்டன. கிழக்குப் பக்கம் திரும்பினால் தென்னைகளுக்குப் பின்னால் நீலக்கோடாகக் கடல். ஒரே அறையிலிருந்து இரண்டு தண்ணீர். எங்கள் பதினாறாவது மாடியிலிருந்து மேம்பாலம் தெரியும், ஒரு நகைக்கடை விளம்பரப் பலகை தெரியும், அதற்குப் பின்னால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் தெரியும். மாடி இரண்டு மடங்கு உயரம்தான். உயரத்தை வைத்து என்ன செய்வது.

என் பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்தப் பெண் கணவனிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “நாளைக்குப் புறப்பட வேண்டாம். இன்னொரு நாள் இருந்து இங்கேயே இன்னொருமுறை சாப்பிடுவோம்.” அவன் உடனே தலையாட்டினான்.

முதலில் ஒரு சிறிய கிண்ணத்தில் சொதி வந்தது. இறால் தலைகளை வதக்கி இறக்கிய சாறும் தேங்காய்ப்பாலும், மேலே இரண்டு துளி எலுமிச்சை. குடித்து முடிக்கும்வரை நான் நிமிரவில்லை. அடுத்து முந்திரியின் பச்சைப் பருப்பைப் பாலில் வேகவைத்து, உள்ளங்கை அளவு சிவப்பரிசிப் பிட்டின்மேல் வைத்திருந்தார்கள். பிறகு வாவி மீன், வாழையிலையில் சுட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் மனதுக்குள் குறை எழுதிக்கொண்டே வந்தேன். சொதியில் உப்பு ஒரு மயிரிழை கூட. பிட்டு இன்னும் கொஞ்சம் உதிர்ந்திருக்கலாம். மீனுக்கு வந்தபோது குறை எதுவும் அகப்படவில்லை. தட்டின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு நண்டு வந்தது.

மூடியைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது. பேரீச்சம்பழம். வறுத்த மிளகு. அடியில் சோம்பு. அது என் சாறு. மஸ்கட்டில் ஒரு ரம்ஜான் மாதம், மீந்துபோன பேரீச்சம்பழத்தைப் புளியோடு கரைத்து, நண்டில் ஊற்றி நான் செய்தது. ஊழியர்கள் சாப்பிட்டார்கள். பெரிய சமையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவர் ஒரு கரண்டி ருசித்துவிட்டு நகர்ந்துவிட்டார். அது எந்த மெனுவிலும் ஏறவில்லை. அதைச் செய்யும்போது பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் சுதா.

பரிமாறிய பெண்ணிடம், “இது யார் செய்முறை?” என்று கேட்டேன்.

“இது எங்கட செஃப்ட ஸ்பெசல் அன்ரி. இதுக்கெண்டே ஆக்கள் வாற.”

எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை உள்ளபடி சொன்னால், அது மகிழ்ச்சி. மூன்று நாளாக அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காமல் தவித்தேன், இப்போது கிடைத்துவிட்டது. திருடியிருக்கிறாள். இதை முதலாளியிடம் சொல்லலாம். சாப்பாடு சுமார், அதிலும் நல்லதாக இருந்த ஒன்று என்னுடையது என்று சொல்லலாம். நிம்மதியாக நண்டின் காலை உடைத்தேன்.

வாயில் வைத்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. என் சாறு இனிப்பில் தொடங்கி இனிப்பிலேயே முடியும், புளி நடுவில் ஒருமுறை எட்டிப்பார்க்கும். இது அப்படியில்லை. புளியை எடுத்துவிட்டு வேறு ஏதோ ஒரு காயின் புளிப்பை வைத்திருந்தாள். மாங்காயின் புளிப்புக்குக் கிட்ட, ஆனால் துவர்ப்போடு. பேரீச்சை பின்னால் போய்விட்டது. நண்டின் இனிப்பு முன்னால் வந்து நின்றது. பதினைந்து வருடம் யோசித்திருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது. ஓட்டை வழித்து, விரலை வழித்து, சாறு இருந்த இடத்தில் ரொட்டித் துண்டை வைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் சுதா வெளியே வந்தாள். ஓட்டமாவடிக் குடும்பத்திடம் நின்று பேசிவிட்டு, என் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள். வெள்ளை மேலங்கியின் மேல் பொத்தான் கழன்றிருந்தது. கையில் சூட்டுத் தழும்புகள். என் கையிலும் அவை உண்டு.

“நண்டு சாப்பிட்டீங்களா அக்கா?”

“சாப்பிட்டேன். என்னோடது.”

“ஓம், உங்கடதான்,” என்றாள் தயங்காமல். “நான் இஞ்ச வந்து முதல்ல அப்பிடியே செஞ்சு பாத்தன். இந்த நண்டுக்குப் புளி ஒத்து வரல்ல. அம்பரல்லாங்காய் போட்டன். நீங்க எப்பயாவது வந்து சாப்பிட்டுச் சொல்லுவீங்க எண்டு இருந்தன். எப்பிடி இரிக்கு?”

கத்தாரில் ஏசி பூட்டியவர் லிஃப்டில் சொன்ன அந்தக் கேள்வி. அவள் முகத்தில் காய்கறி மேசைக்காரி அப்படியே இருந்தாள், நறுக்கியது சரியா என்று பார்க்கும் பார்வை. ஒரே ஒரு சொல் போதும்.

“நல்லா இருக்கு,” என்றேன். “புளி போட்டா இன்னும் நல்லா இருக்கும்.”

அவள் கொஞ்ச நேரம் என் தட்டையே பார்த்தாள். பிறகு, “சரி அக்கா, தயிர் அனுப்பிறன்,” என்று எழுந்து போனாள்.

தயிரும் அதன்மேல் ஊற்றும் கித்துள் பனைப்பாகும் வந்தன. ஏறாவூர்த் தயிர், அசையவில்லை. வெளியே வாவி கறுத்துவிட்டிருந்தது. நகரத்தின் விளக்குகள் எல்லாம் தண்ணீரில் இரண்டு மடங்காகத் தெரிந்தன. சாப்பிட்டு முடித்து நான் கீழே இறங்கியபோது, ரவி மோட்டார் சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்தார். என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவளுக்காக மறுபடி அதே இடத்தில் போய் நின்றார்.

புறப்படும் நாள் காலை, திறக்காத உணவகத்துக்கு அவளோடு நானும் போனேன். நாற்காலிகள் மேசைகள்மேல் கவிழ்ந்து கிடந்தன. அவள் வெறுந்தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். இதற்குமேல் தள்ளிப்போட நாள் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறாவது மாடி, சென்னை, முதலாளி கேட்டு அனுப்பியது, லீவு என்று நான் சொன்னது பொய் என்பது.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், “அங்க ரெண்டாவது ஆள் ஆரு?” என்றாள்.

“நான்.”

“பெரியாளும் நீங்களாத்தானே அக்கா இருக்கணும். நீங்க கேக்கல்லையா?”

“கேட்டு வாங்குற வேலையா அது? அவங்களாப் பார்த்துத் தரணும்.”

“எனக்கு ஆரும் பாத்துத் தரல்ல. இந்தக் கட்டடம் தூணா நிக்கக்குள்ள காத்தான்குடிக்குப் போய் முதலாளிட்டக் கேட்டன், மேல் மாடிய எனக்குத் தாங்க எண்டு. சிரிச்சார். மறுகாலும் போனன். பிள்ள, உனக்கு விசரா எண்டார். அடுத்த தரம் சோறும் கறியும் ஆக்கிக் கொண்டு போனன்.” தேநீரை ஒரு மிடறு குடித்தாள். “நான் வரல்ல அக்கா.”

“எனக்காகவா?”

“இல்ல அக்கா. பொய் சொல்ல ஏலாது. உங்களுக்காக இல்ல. நான் சமைக்கிறது எல்லாம் இந்தா இதுக்குள்ள இரிக்கு,” என்று கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினாள். “அங்க வந்தா நான் என்னத்த சமைக்கிற?”

சோறு போடவரும் கரண்டிக்கு நேரே உள்ளங்கையை நீட்டிப் போதும் என்பதுபோல் அவள் அதைச் சொன்னாள். நான் பதினொரு வருடம் எதற்காகத் தூக்கத்தைத் தொலைத்தேனோ, அது அவளுக்கு வேண்டவே இல்லை. எனக்காக விட்டுக்கொடுத்திருந்தாலாவது மனசுக்குள் அவளைக் கொஞ்சம் திட்டியிருக்கலாம். என் பொறாமை அந்தப் பயணத்தில் அதன் உச்சிக்குப் போனது அப்போதுதான்.

அவள் உள்ளே போனதும் முதலாளியை அழைத்தேன்.

“சார், அவங்க வரலைன்னுட்டாங்க.”

“சம்பளம் கூட்டிப் பேசிப் பாருங்களேன்.”

“அது காரணமில்லை சார்.”

“சரி விடுங்க. மும்பையில ஒருத்தர் இருக்கார். அவரைப் பார்ப்போம்.”

“சார், நான் இருக்கேனே. பதினாறாவது மாடியை எனக்குக் கொடுங்க.”

பதினொரு வருடத்தில் முதல்முறையாக அதைச் சொன்னேன். “நீங்க இல்லாம கீழே எப்படிம்மா ஓடும்?” என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். “வாங்க, பேசிக்கலாம்.”

கைபேசியை வைத்துவிட்டு நின்றேன். சுதா வராவிட்டாலும் அந்த நாற்காலி எனக்கு இல்லை. மூன்று நாளாக, ஏன் அதற்கு முன்பிருந்தே, அவள்தான் அதில் உட்கார்ந்து வழியை மறிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கீழே வாவியில் சிறு புள்ளியாக ஒரு தோணி நகர்ந்தது. கந்தையா அண்ணனுடையதா என்று எனக்குத் தெரியவில்லை. சுதா உள்ளே யாரிடமோ, “அடுப்பக் குறை, அடிப்பிடிக்கப் போகுது,” என்று சொல்வது கேட்டது.

“என்ன சொன்னார் அக்கா?” என்று வெளியே வந்து கேட்டாள்.

“பார்க்கலாம்னார்.”

அவள் நம்பினாளா என்று தெரியாது. ரயிலில் சாப்பிடச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தாள். ரவி கட்டியது என்று நினைத்தேன், பிரித்தபோது அது அவள் கை என்று தெரிந்தது.

பதினாறாவது மாடி ஆவணியில் திறந்தது. மும்பைக்காரர் வந்தார், நல்ல மனிதர்தான். ஊழியர்களுக்கென்று ஒரு மாலை விருந்து வைத்தார்கள். நானும் மேலே போய்க் கண்ணாடி ஓரம் உட்கார்ந்தேன். மேம்பாலத்தில் சிவப்பு விளக்குகள் ஊர்ந்தன. நகைக்கடைப் பலகையில் ஒரு பெண் வளையல் கையோடு சிரித்தாள். நண்டும் வந்தது, மேலே பூவெல்லாம் வைத்து. சாப்பிட்டேன். பொறாமை வரும் என்று நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டுதான் போயிருந்தேன். தட்டை பாதியில் தள்ளிவைக்கும்வரை அது வரவே இல்லை.

கீழே இறங்கியதும் மட்டக்களப்புக்கு அழைத்தேன்.

“சுதா, அன்னிக்கு நான் சொன்னது பொய். புளி வேண்டாம். உன் நண்டு என்னோடதைவிட நல்லா இருந்துச்சு.”

“தெரியும் அக்கா,” என்றாள். “தட்டக் கழுவத் தேவையில்லாம அனுப்பியிருந்தீங்க.” பின்னால் பாத்திரங்களின் சத்தம். “நான் ஒண்டு கேக்கட்டா? வாற ஆடியில மாமாங்கத் திருவிழாவுக்கு ஆக்கள் குவிவாங்க. என்னால தனிய ஏலாது. ஒரு மாசம் வந்து நிக்கிறீங்களா?”

“என்ன வேலைக்கு?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “ரெண்டாவது ஆளாத்தான் அக்கா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. இந்த முறை எங்கேயும் வலிக்கவில்லை.

“வர்றேன்,” என்றேன். “ஆனா வெங்காயம் நான் நறுக்கமாட்டேன்.”